குழியில் விழுந்த சைக்கிள்

அப்பாவின் சைக்கிள் 35 வருடங்கள் முன்சில்லு இல்லாமல் எங்கள் வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் நின்றது. முன் போர்க்கின் இரண்டு கால்களும் இடது பக்கம் சாய்ந்திருந்தன. ஏன் வளைந்தது என்று கேட்டால் வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. குழியில் விழுந்தது. 1988 மாசி மாதம், விடியப்புறம், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வரும் வழியில். அப்பாவின் இடது முழங்கையில் இருக்கும் தழும்பும் அதே குழியின் வேலைதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்குக் காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, லண்டன் மாநகரசபை ரோட்டைத் திருத்துகிற இலட்சணத்தைப் பற்றிப் பகிடி விட்டது நினைவிருக்கிறது. நானும் தங்கச்சியும் சிரித்தோம். பிறகு பள்ளிக்கூடம் போனோம்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவும் அப்பாவும் படியேற முடியாமல் சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு மாறினார்கள். கொட்டிலை வெறுமையாக்கும்போது சைக்கிளை எறிவதா என்ற பேச்சு வந்தது. என் மகள் எறிய விடவில்லை. அவளுக்கு 17 வயது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பழைய சைக்கிள்மேல் இப்போது ஒரு மோகம். திருத்தித் தந்தால் தான் ஓடுவேன் என்றாள்.

அது ஒரு பச்சை நிற ரலி ஸ்போர்ட்ஸ். தலைக்குழாயில் நாரை பொறித்த தகடு. பின் அச்சுக் கூட்டில், ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியரின் பெயருக்குக் கீழே 62 என்றும் 9 என்றும் அடித்திருக்கும். 1962 செப்டெம்பரில் அந்தக் கூடு செய்யப்பட்டது என்று அர்த்தம். நாட்டிங்ஹமில் அதைச் செய்த பெரிய தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த நிலத்தில் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் இருக்கிறது. அப்பா 1986இல் ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து, 20 பவுணுக்கு வாங்கினார். அதைவிட மலிவாக வேறு சைக்கிள்கள் இருந்திருக்கும். ஆனால் ஊரில் ரலி என்றால் அது தபாலதிபரும் தலைமை ஆசிரியரும் ஓடிய சைக்கிள். எங்கள் அப்பப்பா ஒருநாளும் வாங்க முடியாமல் போனது. வந்த நாட்டில் அப்பா செய்த ஒரே ஆடம்பரம் அது என்று அம்மா சொல்வா. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சின்னத் தொடர்பு: 1960இல் ரலியை வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற ஆங்கிலக் கம்பனிதான், அதற்கு முன் 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. நீங்கள் ஓடிய ஹெர்குலிஸ் இதற்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரம்.)

போர்க்குக்குத் தமிழில் கவை என்று நல்ல சொல் உண்டு. இரண்டாகப் பிரிந்த கிளை. சைக்கிளில் மற்ற எது உடைந்தாலும் பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை கிடைக்கும். சத்தம் வரும், ஆட்டம் தெரியும், காலை ஊன்றிக்கொள்ள நேரம் இருக்கும். போர்க் ஒடிந்தால் நேரம் இல்லை. முன்சில்லு கழன்று போகும், ஓடுகிறவர் முகத்தால் தரையில் விழுவார். ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் வளைந்த போர்க்கைக் கண்டால் முதலில் கேட்பது "நேராக்கலாமா?" என்று அல்ல, "எப்படி வளைந்தது?" என்று.

லேயிட்டன் பக்கத்தில் ஒரு கிழவர், சைக்கிள் சட்டங்களைத் திருத்துவதற்கென்றே ஒரு கராஜ் வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டு போனோம். என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் பாடமாக்கிய பதிலைச் சொன்னேன். குழி.

அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்து, தலைக்குழாய்க்குப் பின்னால் மேல்பாரின் அடியிலும் சாய்குழாயின் அடியிலும் விரலால் தடவினார். முன்னால் எதிலாவது மோதினால் போர்க்கின் கால்கள் பின்பக்கம் தள்ளப்படும். அதோடு அந்த இரண்டு இடத்திலும் குழாய் சுருங்கி, பெயின்றில் சின்ன மடிப்புகள் தெரியும். அங்கே ஒரு மடிப்பும் இல்லை. பிறகு போர்க்கைக் கழற்றி, கிறீசைத் துடைத்து, கழுத்துக் குழாயை இரும்புத் தாங்கியில் வைத்து, அச்சு அமரும் நுனிகளுக்கிடையே ஒரு கம்பியைக் கொடுத்துப் பார்த்தார். பின்பக்க வளைவு ஏறத்தாழ இல்லை. எல்லாம் பக்கவாட்டில். இடது காலின் நுனியில் வெளிப்புறம் தார் உரசிய தடம்.

"சைக்கிள் படுத்துக் கிடந்திருக்கிறது, இடது பக்கம் நிலத்தில்" என்றார். "சும்மா விழுந்தால் இந்தத் தடிப்பு இரும்பு இப்படி வளையாது. மேலே பாரமான ஏதோ ஏறியிருக்கிறது." கொஞ்சம் நிறுத்தி, "முன்சில்லு எங்கே?" என்று கேட்டார்.

முன்சில்லு எங்கே என்று 35 வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அம்மாவிடம் கேட்டேன். அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரம். அம்மா தண்ணீர்ச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னா. "கார் ஒண்டிலை நாலு பெடியள். பக்கத்திலை வந்து, ஏசி, தள்ளி விழுத்தினவங்கள். அப்பா எழும்பி ஓடிட்டார். திரும்பிப் பாக்கேக்கை சைக்கிளுக்கு மேலை காரை ஏத்தினவங்களாம். சில்லு மடிஞ்சு கிடந்தது. அதைக் குப்பையிலை போட்டுட்டு மிச்சத்தைத் தோளிலை காவிக்கொண்டு வந்தவர்." பிறகு: "நீ கேட்டனீ எண்டு அவருக்குச் சொல்லிப்போடாதை."

பொலிசுக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிற ஆட்கள் அந்தக் காலத்தில் இங்கே இருந்திருக்க மாட்டார்கள். 1985இல் இலங்கையர்களுக்கு பிரிட்டன் விசாவைக் கட்டாயமாக்கியது. அப்பா அதற்குச் சற்று முன் வந்தவர். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் உடுப்பைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்த படம் பத்திரிகைகளில் வந்தது. நாங்கள் அந்த வருடக் கடைசியில்தான் அவரிடம் வந்து சேர்ந்தோம். அவருடைய கடுதாசிகள் யாரோ ஒரு அதிகாரியின் மேசையில் கிடந்தன. அப்படிப்பட்டவர் தன் பெயரை இன்னொரு கோப்பில் எழுதுவிக்க ஆசைப்பட மாட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெடியன்கள்மேல் வந்ததைவிட அப்பாமேல் அதிகம். இத்தனை வருடம் ஒரு பொய்யைத் தின்றிருக்கிறோம் என்ற எண்ணம். அந்தக் கோபம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. அந்தக் காலைச் சாப்பாட்டு மேசையைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடம் அதே ரோட்டில்தான் இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் அரைமணி நேரத்தில் அந்த ரோட்டில் நடக்க வேண்டும், நாளைக்கும் நடக்க வேண்டும். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு அதனால் என்ன பாதுகாப்புக் கிடைத்திருக்கும்? எங்களுக்கு மாற்று வழி இல்லை, மாற்றுப் பள்ளிக்கூடம் இல்லை. பயம் மட்டும் கிடைத்திருக்கும். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் குற்றமில்லாத நன்மையைத் தரும் பொய்க்கு வாய்மையின் பக்கத்தில் இடம் கொடுக்கிறார். அப்பா குறள் படித்தவர். படிக்காவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்.

மறுபக்கத்தில் கான்ட் நிற்கிறார். 1797இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில், கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்கிறார். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எல்லோரையும்போல நானும் சிரித்தேன். ஆனால் அவர் தரும் காரணங்களில் ஒன்றை நான் அப்போது கவனிக்கவில்லை. நண்பன் வீட்டில் இல்லை என்று நீ பொய் சொல்கிறாய். உனக்குத் தெரியாமல் அவன் பின்வாசலால் வெளியே போயிருக்கிறான். திரும்பிப் போகிற கொலைகாரன் அவனை ரோட்டில் காண்கிறான். அப்போது விளைவில் உனக்கும் பங்கு உண்டு. பொய்யை யாரிடம் சொன்னாயோ அவரிடமே அது தங்கும் என்று நினைக்காதே என்பதுதான் விஷயம்.

கொலைகாரன் விடயத்தில் கான்ட் சொன்னதை இன்றைக்கும் நான் ஏற்கவில்லை. போர்க் விடயத்தில் ஏற்கிறேன். அப்பா இரண்டு பிள்ளைகளுக்குச் சொன்ன பொய், 35 வருடம் கழித்து என் வாயால், அவருக்கு முகம் தெரியாத ஒரு திருத்துநரின் கராஜுக்குப் போனது. அந்த மனிதர் அதை நம்பியிருந்தால் பார்க்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தைப் பார்த்திருப்பார். முன்மோதலில் கழுத்துக் குழாயின் அடியில் வெடிப்புத் தேட வேண்டும். பக்கவாட்டில் பாரம் ஏறினால் கால்கள் தோளில் செருகி ஒட்டப்பட்டிருக்கும் மூட்டுகளைத்தான் முதலில் உரசிப் பார்க்க வேண்டும். அந்தச் சைக்கிளில் ஏறப் போவது என் மகள். அப்பா பாதுகாக்க நினைத்த பிள்ளையின் பிள்ளை.

இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அளவு வரை வளைத்தால் அது தானாகத் திரும்பி வரும். அந்த அளவைத் தாண்டினால் வளைந்தபடியே நிற்கும். திரும்ப நேராக்கலாம், ஆனால் ஒவ்வொரு போய்வரவுக்கும் ஒரு விலை உண்டு. ஊசிக் கம்பியை இரண்டு மூன்று முறை அப்படியும் இப்படியும் வளைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்ய ரயில்வேயில் வேலை செய்த ஔகுஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்துக்குள்ளேயே ஏன் ஒடிகின்றன என்று வருடக்கணக்காக ஆராய்ந்தார். சின்னப் பாரம்கூடப் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப ஏறினால் உலோகம் களைத்துப் போகும் என்று காட்டினார். அதோடு, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் இரும்பு ஏறத்தாழ எவ்வளவு காலமும் தாங்கும் என்றும். பழைய ரலி போன்ற தடித்த மெல்லிரும்புப் போர்க் ஒருமுறை வளைந்து ஒருமுறை நேரானால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அலுமினியத்தில் அந்தப் பேச்சே கிடையாது. கார்பனில் வளைவு என்பதே இல்லை. ஒன்றில் முழுசு, இல்லாவிட்டால் குப்பை.

புதுப் போர்க் போட்டால் என்ன என்று கேட்டேன். போடலாம், ஆனால் ரலி தன் கழுத்துக் குழாய்க்கு அங்குலத்துக்கு 26 சுற்று மரை வெட்டியது. உலகத்தின் மற்றப் பகுதி 24. ஆகவே அதே தொழிற்சாலையின் இன்னொரு பழைய போர்க்கைத் தேட வேண்டும், அதுவும் கழுத்து நீளம் பொருந்த வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தாலும், அது எப்படி வாழ்ந்தது என்று யாருக்குத் தெரியும்? யாரோ ஒருவர் வடிவாக நேராக்கிப் பெயின்ற் அடித்து விற்றிருக்கலாம். கிழவர் தன் கருத்தை ஒரே வரியில் சொன்னார்: "இதை நான் நேராக்கினால் நான் ஓடுவேன். ஆனால் விற்க மாட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வரியைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். முதலில் அது முரண்போலப் பட்டது. தனக்குப் போதுமான பாதுகாப்பு மற்றவனுக்குப் போதாதா? அப்படி அல்ல. அவர் ஓடும்போது, அது வளைந்த போர்க் என்று அறிந்து ஓடுகிறார். பள்ளத்தில் மெதுவாகப் போவார், மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார், ஒரு சத்தம் கேட்டால் இறங்குவார். விற்றால் இரும்பு போகும், அந்த அறிவு கூடப் போகாது. நல்ல திருத்தம் என்பதே தடம் தெரியாத திருத்தம் என்பதால், திருத்துகிறவரின் கை எவ்வளவுக்குத் திறமோ அவ்வளவுக்கு வாங்குகிறவர் குருடராகிறார்.

ரஸ்கின் 1849இலேயே பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதைப் பொய் என்று திட்டினார். அவர் வழியில் வந்த வில்லியம் மொரிஸ் 1877இல் அதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார். பழுதைத் தாங்கிப் பிடியுங்கள், ஆனால் பழுதே நடக்காததுபோல நடிக்காதீர்கள் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் தேவாலயச் சுவரில் யாரும் ஏறி ஓடுவதில்லை. உடைந்த கோப்பையைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானியக் கலையைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், நம் கவிஞர்களும் விட்டுவைக்கவில்லை. அலுமாரியில் வைக்கும் கோப்பைக்கு அது நல்லது. 17 வயதுப் பிள்ளையின் பாரத்தைத் தாங்க வேண்டிய இரும்புக்கு அழகான தழும்பு வேண்டாம். நேரான அச்சு வேண்டும், மூட்டில் வெடிப்பு இருக்கக்கூடாது, நடந்தது என்ன என்று ஓடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு தெரிய வேண்டும்? போர்க் வளைந்தது என்பது மகளுக்குத் தெரியத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பக்கத்தால் வளைந்தது என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் எங்கே பார்ப்பது என்பது அதிலிருந்துதான் வரும். அந்தக் காரில் இருந்தவர்கள், அவர்கள் ஏசிய சொற்கள், அப்பா ஓடியது? அது இரும்பின் விடயம் அல்ல, அப்பாவின் விடயம். அடிபட்டவருக்குத் தன் அடியைப் பற்றித் தான் விரும்பியபடி சொல்லவும் சொல்லாமல் விடவும் உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஓடியதைத்தான் அவர் மறைத்தார் என்று சிலவேளை தோன்றுகிறது, அடித்ததை அல்ல. பிள்ளைகள் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரு கதையை அவர் தனக்காகவும் செய்துகொண்டார்.

ஆனால் அந்தக் கோட்டை என்னால் சுத்தமாகக் கீற முடியவில்லை. நம் வீடுகளில் இப்படி எத்தனை குழிகள் இருக்கின்றன. மாமா ஏன் கதவுக்கு நேரே முதுகைக் காட்டி இருக்க மாட்டார், சித்தி ஏன் ஒரு குறிப்பிட்ட வருடத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டா, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் வந்ததை ஏன் ஏதோ சுற்றுலா போனதுபோலச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்காகச் சொன்ன பொய்கள்தான் அநேகம். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. தவணை முடிந்த பொய்யை யார் எடுப்பது? சொன்னவர்தான் எடுக்க வேண்டும் என்றால் பலர் எடுக்காமலே போய்ச் சேர்கிறார்கள். கேட்டவர் எடுக்கலாம் என்றால், அம்மா குசினியில் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் என்ன செய்வது?

மகளுக்குச் சொன்னேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கின் எழுத்தை மட்டும் காப்பாற்றினேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அவளுக்கு இரண்டு நாளாகக் கதை இல்லை. பிறகு, நேராக்கட்டும், ஆனால் அந்த இடத்தில் பெயின்ற் அடிக்க வேண்டாம் என்றாள்.

கிழவரும் அதையேதான் சொன்னார், வேறு காரணத்துக்காக. மூட்டுகளைச் சுற்றிப் பெயின்றை உரசி எடுத்து, பூதக்கண்ணாடியாலும் சிவப்புச் சாயத்தாலும் வெடிப்புத் தேடினார், இல்லை. பிறகு கழுத்தை மரக்கட்டைகளுக்கு நடுவே குறட்டில் இறுக்கி, ஒரு நீண்ட கம்பியால் நெம்பினார். சூடு காட்டவில்லை. நேரான இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி, அது தானாகத் திரும்பி வரவிட்டு, நூல் பிடித்துப் பார்த்து, திரும்ப நெம்பி. ஒவ்வொரு முறையும் பழைய பெயின்ற் நெறுநெறுவென்று உதிர்ந்தது. முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. 35 வருடத்துக்கு முக்கால் மணித்தியாலம் என்பது ஏதோ அவமானம்போல எனக்குப் பட்டது. உரசிய இடத்தில் நிறமில்லாத வார்னிஷ் பூசினார். மயிரளவு வெடிப்பு வந்தாலும் அதில் துருக்கோடு தெரியும் என்றார்.

போர்க்கிலேயே ஒரு அடையாளம் அடித்துவிட முடியாதா, இது நேராக்கப்பட்டது என்று திகதியோடு, என்று கேட்டேன். பின்னால் எவர் கைக்குப் போனாலும் தெரியுமே. அவர் தலையை ஆட்டினார். உளி பட்ட இடத்திலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். ஒருமுறை அடிபட்ட இரும்பில் அதை எழுதக்கூடாது. ஒரு தாளில் எழுதி இருக்கைப் பைக்குள் வையுங்கள்.

அன்றைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். கராஜுக்குள் வர மறுத்து, காரின் முன்சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். மகள் பெட்டியொன்றின் மேல் தாளை வைத்து எழுதினாள். வளைந்த வருடம், எந்தப் பக்கம், நேராக்கிய திகதி, எங்கே பார்க்க வேண்டும். காரணம் என்று எழுதிவிட்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தாளோடு காருக்குப் போனாள்.

"அப்பப்பா, இதிலை என்ன எழுத?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது.

"குழி எண்டு எழுது" என்றார்.

எழுதினாள். சனிக்கிழமைப் பள்ளியில் படித்த கோணல் தமிழில், குழி. சற்று யோசித்து, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள்: அப்பப்பா சொன்னது.

தாள் பைக்குள் இருக்கிறது. மாதம் முதல் சனிக்கிழமை அவள் டோர்ச் அடித்து மூட்டுகளைப் பார்க்கிறாள். போன மாதம் வரை துருக்கோடு எதுவும் இல்லை. புதிதாகப் போட்ட முன்சில்லில் இரண்டு கம்பி மட்டும் தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டோம்.